பீட்சாவுக்குக் கை நனையாது

முதல்ல அந்தப் பீட்சாவைப் பத்திச் சொல்லிடுறேன். மயிலாடுதுறையில ஒரு சூப்பர் மார்க்கெட், அதுல ஐஸ் பெட்டி, அந்தப் பெட்டியோட அடியில பட்டாணிக்கும் பரோட்டாவுக்கும் கீழ யாரும் சீந்தாம கெடக்கும். அட்டைமேல இருக்குற படத்தைப் பார்த்தா ராஜா வீட்டுக் கல்யாணம் தோத்துப் போயிடும். பிரிச்சா உள்ள விரைச்சுப் போன ஒரு வட்டம். அதுமேல நாலஞ்சு சோள முத்து, கொடமொளகா ரெண்டு கீத்து, சாக்பீஸைத் துருவிப் போட்ட மாதிரி கொஞ்சம் சீஸ். அடப்பாவிகளா! அந்தப் படத்தை எடுத்தவன் மட்டும் என் கையில சிக்கினான்னா நாலு கேள்வி நறுக்குன்னு கேப்பேன். ஆனா வெலை சல்லிசு. ஒண்ணு வாங்குனா ஒண்ணு சும்மா.

அம்மா போன பிறகுதான் அதை வாங்க ஆரம்பிச்சேன். என் பேரு பரணிதரன். குத்தாலத்துக்குத் தெக்கால எங்க ஊரு. சொந்தத்துல கொஞ்சம், குத்தகையில கொஞ்சம்னு நெல்லு போடுறேன். நாப்பதை நெருங்கிட்டேன், இன்னும் கல்யாணம் ஆகல. இந்தக் காலத்துல வயல் வச்சிருக்கிறவனுக்கு யாருங்க பொண்ணு குடுக்குறா? அதே ஆளு வயலை வித்துட்டு துபாய்ல மூட்டை தூக்கப் போயிட்டான்னா, 'மாப்ள ஃபாரின்ல இருக்காரு'ன்னு சொல்லிக்கிட்டு வருவாங்க. சரி, அந்த வயித்தெரிச்சல் இப்ப எதுக்கு.

நெல்லு போடுறவன் பீட்சா திங்கிறானான்னு ஊர்ல சிரிக்கிறாங்க. சிரிக்கட்டும். ஒத்த ஆளுக்கு ஒலை வச்சுப் பார்த்தவனுக்குத்தான் அது தெரியும். கூடத்துல நெல்லு மூட்டை அடுக்கிக் கெடக்கு, ஒரு ஆழாக்கு அரிசி களைஞ்சு போட எனக்கு மனசு வரல. சோறுன்னா எதுக்கால ஒருத்தர் உக்காந்திருக்கணும். 'போதும் போதும்'னு நாம சொல்லணும், அவங்க கேக்காம இன்னொரு கரண்டி வைக்கணும். பீட்சாவுக்கு அதெல்லாம் வேணாம். அது ஒத்த ஆளுக்குன்னே செஞ்ச சாமான்.

ஆனா அப்படியே தின்னா அது பீட்சா இல்ல, அந்த அட்டைப்பெட்டியையே தின்ன மாதிரிதான். அதனால நான் அதுக்கு ஜோடிச்சு விடுவேன். மயிலாடுதுறையிலேருந்து வண்டியில கொண்டாறப்பவே சாக்குல உமியைக் கொட்டி உள்ள பொதைச்சு எடுத்தாந்துடுவேன், வீடு வர்ற வரைக்கும் எளகாது. சின்ன வெங்காயத்தை நல்லெண்ணெயில நிதானமா வதக்கி, அதுல ஒரு துண்டு வெல்லம். தக்காளியைப் பூண்டோட நசுக்கி சுண்ட விட்டு, அட்டைக்காரன் தடவியிருக்குற செவப்புச் சாயத்துக்கு மேல ஒரு பூச்சு. கறிவேப்பிலை, இடிச்ச மொளகு. மாசி பங்குனியா இருந்தா வயல்லேருந்து பச்சைப் பயத்தங்காயை உருவிக்கிட்டு வந்து, உரிச்சு, அரை வேக்காடா வேக வச்சுத் தூவிடுவேன். அறுப்பு முடிஞ்ச தாள்ல உளுந்தும் பயறும் பச்சைப் பசேல்னு நிக்கிறப்ப, அந்தப் பயறு போட்ட பீட்சாவுக்கு ஈடே கெடையாது. நானே சொல்லிக்கிறேன், வேற யாரு இருக்கா சொல்ல?

வீட்டுல ஓவன் கெடையாது. கனமான தோசைக்கல்லை சின்ன தீயில வச்சு, பீட்சாவை வச்சு, பழைய அலுமினிய மூடியால மூடிடுவேன். கொல்லையில கொட்டாங்கச்சியை எரிச்சு, அந்தத் தணலை மூடி மேல பரப்பிடுவேன். கீழேயும் சூடு, மேலேயும் சூடு. சாக்பீஸ் மாதிரி இருந்த சீஸ் உருகி ஓரமெல்லாம் செவந்து வரும் பாருங்க, அப்ப வாசனை தெருமுனை வரைக்கும் போகும். போயி என்ன, வாசனையைப் புடிச்சுக்கிட்டு ஒருத்தரும் வந்ததில்ல.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். எங்க பக்கம் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் பேசப் போற வீட்டுல, முடிவாகுற வரைக்கும் கை நனைக்க மாட்டாங்க. காபி குடிப்பாங்க, மோர் குடிப்பாங்க, அதோட சரி. உக்காந்து சாப்பிட்டுக் கை கழுவிட்டா சம்மதம்னு அர்த்தம். வலங்கைமான் பக்கத்துலேருந்து முதல்ல ஒரு குடும்பம் வந்துச்சு. நான் பைத்தியக்காரன், சாம்பார், ரசம், வாழைக்காய் வறுவல், பாயசம்னு ஆக்கி எறக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். அவங்க ஆளுக்கு ஒரு தம்ளர் மோரைக் குடிச்சாங்க. 'போயிட்டு போன் பண்றோம்'னாங்க. போயிட்டாங்க. அந்தச் சோத்தை மாட்டுக்கு வச்சேன், மாடே என்னைய ஒரு மாதிரி பார்த்துச்சு. அப்புறம் திருவாரூர்லேருந்து ஒண்ணு, கும்பகோணத்துலேருந்து ஒண்ணு. எல்லாரும் மோரோட கெளம்புனவங்கதான்.

உள்ளதைச் சொல்றேன், பொண்ணு அமையலைங்கிறதைக் கூடத் தாங்கிக்கிறேன். ஆக்கி வச்ச சோறு ஆறிப் போயி அப்படியே இருக்குறதைத்தான் என்னால பார்க்க முடியல. அம்மா போனதுலேருந்து இந்த வீட்டுல என்னைத் தவிர ஒருத்தர் வாயிலயும் ஒரு பருக்கை போனதில்ல.

போன மாசி மாசம் ஒரு ஞாயித்துக்கெழம காலையில தரகர் ரெங்கசாமி அண்ணன் போன் பண்ணாரு. எனக்காக அலைஞ்சு செருப்பு தேஞ்ச மனுஷன் அவரு ஒருத்தர்தான்.

"பரணி, மயிலாடுதுறை எடம் ஒண்ணு. பொண்ணு பேரு மேகலா. லேப்ல ரத்தம் டெஸ்ட் பண்ற வேலை. இன்னிக்கு மதியம் வீடு பார்க்க வர்றாங்க. அவங்க மாமா வராரு, பொண்ணும் கூட வருது."

"பொண்ணே வருதா?"

"நான் இருக்கப் போற வீட்டை நான்தான் பார்க்கணும்னு சொல்லிடுச்சாம். காலம் அப்படிய்யா. வீட்டைக் கொஞ்சம் கூட்டிப் பெருக்கி வையி."

போனை வச்ச ஒடனே மூளையில ஒரு யோசனை பளிச்சுன்னு அடிச்சுச்சு. சோறு போட்டாத்தானே கை நனைக்க மாட்டேங்கிறாங்க? பீட்சா போட்டா? இலை இல்ல, சோறு இல்ல, கொழம்பு இல்ல. எந்த வழக்கத்துல பீட்சாவைப் பத்திச் சொல்லியிருக்கு? யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. சம்மதமோ இல்லையோ, வந்தவங்க ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போவாங்க. நம்ம புத்தியை நெனச்சு நானே என் முதுகுல தட்டிக்கிட்டேன்.

வீட்டைப் பெருக்குனேன். முந்தாநாள் வாங்குன ரெண்டு பீட்சாவும் ஃபிரிட்ஜ்ல இருந்துச்சு. வயலுக்கு ஓடிப் பயத்தங்காய் உருவிக்கிட்டு வந்தேன். வெங்காயம் உரிச்சு உரிச்சுக் கண்ணு ரெண்டும் செவந்து போச்சு. வர்றவங்க அழுதான்னு நெனச்சுக்கப் போறாங்களேன்னு கெணத்தடியில மொகத்தை அலம்பிக்கிட்டேன்.

கார் வந்து நின்னுச்சு. மாமா பேரு வைரக்கண்ணு. பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. குரல் மட்டும் ரிட்டயர் ஆகல. "தம்பி, வீடு நல்லா காத்தோட்டமா இருக்கே!"ன்னு வாசல்லயே ஊரைக் கூட்டிட்டாரு. பின்னாடி மேகலா. ஒல்லியா, உயரமா, கையில கடியாரம் கட்டியிருந்தாங்க. என்னைய நேரா நிமிர்ந்து பார்த்துக் கும்பிட்டாங்க. தலையக் குனியுற ஜாதி இல்ல. எனக்குப் புடிச்சுப் போச்சு. அவ்வளவுதான், மறைக்க என்ன இருக்கு?

"காபி மட்டும் போதும் தம்பி. கை நனைக்கிறதெல்லாம் பேசி முடிச்சப்புறம்"னு மாமா முன்கூட்டியே கதவைச் சாத்துனாரு.

"சரிங்க"ன்னு சொல்லிட்டு உள்ள போயி மூடியைத் தொறந்தேன். வாசனை கூடத்துக்குப் போச்சு.

"தம்பி, அது என்னது?"

"சும்மா, பீட்சாங்க."

"பீட்சாவா? பேரன் திம்பான். பெரியவங்களுக்கு ஒத்துக்குமா?"

"பேருதாங்க பீட்சா. மேல இருக்குறது பூரா நம்ம வயல் பயறு, நம்ம வெங்காயம்."

தட்டைக் கொண்டுபோயி வச்சேன். மாமா அதைப் பார்த்தாரு, மருமகளைப் பார்த்தாரு, மறுபடியும் தட்டைப் பார்த்தாரு. அப்புறம் அவரே பஞ்சாயத்தைக் கூட்டி அவரே தீர்ப்பும் சொல்லிட்டாரு. "ரொட்டிதானே இது? சோறா, கொழம்பா? ரொட்டிக்கு ஏது கை நனைக்கிறது? கணக்குல சேராது." ஒரு துண்டை எடுத்து வாயில வச்சாரு. கண்ணை மூடுனாரு. "அட!"ன்னாரு. அடுத்த துண்டையும் எடுத்துட்டாரு.

எனக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சுங்க. ஒரு மனுஷன் என் வீட்டுல உக்காந்து மெல்லுறாரு. வாயோரத்துல சீஸ் இழுத்துக்கிட்டு நிக்குது. அதைப் பார்த்துக்கிட்டே நிக்கலாம் போல இருந்துச்சு.

"நீ போயி வீட்டைப் பாரும்மா, அதுக்குத்தானே வந்தே?"ன்னு மாமா வாயில போட்டுக்கிட்டே சொன்னாரு. நான் ரெண்டாவது பீட்சாவைக் கல்லுல போட அடுக்களைக்குப் போனேன். கொஞ்ச நேரத்துல அவங்களும் அங்க வந்து நின்னாங்க.

"என்னங்க இது, மூடி மேல நெருப்பு?"

"அடுப்பு அடியில மட்டும்தான் சுடும். மேல உருகணும்ல, அதுக்கு."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாருமில்லைங்க. நாலஞ்சு தடவை தீய விட்டேன், தானா வந்துடுச்சு."

சிரிச்சாங்க. சத்தமா, வாயை மூடாம. பயறு எப்ப தெளிச்சீங்க, வெல்லம் எதுக்கு, மொளகு இடிச்சதா பொடிச்சதான்னு ஒவ்வொண்ணா கேட்டாங்க. என்கிட்ட வயலைப் பத்திக் கேட்டவங்க உண்டு, வருமானத்தைப் பத்திக் கேட்டவங்க உண்டு. நான் திங்கிறதைப் பத்தி யாரும் கேட்டதில்ல. நான் வாய் ஓயாம பேசுறேன். எனக்கு இவ்வளவு பேச்சு வருமான்னு எனக்கே ஆச்சரியம். மூடியைத் தூக்கினப்ப, "வாசனை ஆளைத் தூக்குதுங்க"ன்னு சொன்னாங்க. முடிஞ்சுது, அமைஞ்சுதுடான்னு மனசு குதிக்குது. நல்லா செவந்த எடமா பார்த்து ஒரு பெரிய துண்டு வெட்டி, பயறு கொஞ்சம் கூடவே அள்ளிப் போட்டு, தட்டுல வச்சு நீட்டுனேன்.

அவங்க வாங்கிக்கல.

"வேணாங்க."

"ஒரே ஒரு துண்டு. இது பீட்சாங்க. உங்க மாமாவே சொல்லிட்டாரு, கணக்குல சேராதுன்னு."

"அவருக்குச் சேராது. எனக்குச் சேரும்ங்க." கையைப் பின்னாடி கட்டிக்கிட்டாங்க. "காலையிலேருந்து உரிச்சு, வதக்கி, தணல் போட்டுச் செஞ்சிருக்கீங்க. இது சாப்பாடு இல்லைன்னா வேற எதுங்க சாப்பாடு? இதைச் சாப்பிட்டுட்டு, நான் கேக்க வந்ததைக் கேக்க எனக்கு வாய் வராது."

தட்டு என் கையிலயே நின்னுச்சு. கூடத்துல மாமா மெல்லுற சத்தம் கேக்குது.

மெதுவாத்தான் சொன்னாங்க, ஆனா சுத்தி வளைக்கல. கூட்டுக் குடும்பம், வீடு நெறைய ஆளுங்க. பொறந்ததுலேருந்து ஒரு வேளை தனியா உக்காந்து சாப்பிட்டதில்லையாம். திருச்சியில ஒரு ஆஸ்பத்திரி லேப்ல வேலை கெடைச்சிருக்கு. சித்திரையில சேரணும். வீட்டுல விடமாட்டேங்கிறாங்க, கல்யாணம் பண்ணிக்கிட்டு அப்புறம் எங்க வேணா போங்கிறாங்க.

"ஒரு ரூம் எடுத்துக்கணும். கதவைச் சாத்திட்டு, தட்டை மடியில வச்சுக்கிட்டு, யாரும் பேச்சுக் குடுக்காம சாப்பிடணும். சிரிக்காதீங்க. எனக்குத் தனியா இருக்கத்தாங்க புடிச்சிருக்கு."

நான் சிரிக்கல. எப்படிங்க சிரிப்பு வரும்?

"நான் வேணாம்னு சொன்னா நாளைக்கே அடுத்த ஜாதகத்தைத் தூக்கிட்டு வருவாங்க. ஏற்கெனவே மூணு எடத்தை நான்தான் தட்டி விட்டேன்னு வீட்டுல திட்டு. மாப்பிள்ளையே வேணாம்னுட்டாருன்னா, ஒரு ரெண்டு மாசம் சோர்ந்து போயி விட்டுடுவாங்க. அதுக்குள்ள நான் திருச்சிக்குப் போயிடுவேன்." என்னைய நேரா நிமிர்ந்து பார்த்தாங்க. "நீங்க சொல்லுவீங்களா? என்னையப் புடிக்கலைன்னு."

எனக்குக் கோவம் வந்துச்சு பாருங்க, உச்சந்தலை வரைக்கும் ஏறுச்சு.

"நல்லாருக்குங்க நியாயம்! வந்தவங்க எல்லாம் என்னைய வேணாம்னு சொன்னாங்க. அந்த வேலையையும் இப்ப நானே பாத்துக்கணுமா? நான் ஒரு பொண்ணை வேணாம்னேன்னு தெரிஞ்சா ரெங்கசாமி அண்ணன் அப்புறம் இந்த வாசப்படி மிதிப்பாரா?"

"மாட்டாரு"ன்னாங்க.

"அது தெரிஞ்சுமா கேக்குறீங்க?"

"தெரிஞ்சுதான் கேக்குறேன். அதான் போன்ல கேக்காம நேர்ல வந்தேன். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடுங்க. நானே வீட்டுல சண்டை போட்டுக்குறேன். உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இருக்காது."

அவங்க கண்ணுல தண்ணி இல்ல, கெஞ்சவும் இல்ல. கெஞ்சியிருந்தா போடின்னு சொல்லியிருப்பேன், எனக்கும் சுலபமா போயிருக்கும்.

"மாப்ள!"ன்னு கூடத்துலேருந்து மாமா. தம்பி எப்ப மாப்ள ஆனேன்னு தெரியல. "இன்னொரு துண்டு இருக்கா மாப்ள?"

மேகலா சட்டுன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. நான் அவங்களுக்கு வெட்டுன துண்டைத் தட்டோட கொண்டுபோயி மாமா முன்னாடி வச்சேன். "பிரமாதம் மாப்ள, முன்னதை விட இது ஒரு படி மேல"ன்னு வழிச்சு சாப்பிட்டாரு. ஏன் மேல இருக்காது? அது யாருக்குன்னு செஞ்சது!

முடிச்சுட்டு எந்திரிச்சுக் கொல்லைக் கொழாய்க்குப் போனாரு. பீட்சா தின்ன கையை முழங்கை வரைக்கும் தேச்சுத் தேச்சுக் கழுவுனாரு. தோள்ல கெடந்த துண்டுல தொடைச்சுக்கிட்டே என்னையப் பார்த்து, "நனைச்சாச்சு மாப்ள, நனைச்சாச்சு"ன்னு சிரிச்சாரு. நானும் பல்லைக் காட்டுனேன். வேற என்ன பண்றது?

கார்ல ஏறுறப்ப மேகலா ஒரு தடவை திரும்பி, "போயிட்டு வரேங்க"ன்னாங்க. வழக்கமா சொல்றதுதான். அவங்களுக்கு வர மனசில்லைன்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியும். கார் வாய்க்கா மதகைத் தாண்டி மறையுற வரைக்கும் நின்னேன். அப்புறம் உள்ள வந்து, தோசைக்கல்லுல மிச்சம் இருந்ததைப் பார்த்தேன். பசி இல்ல. காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல, ஆனா பசி இல்ல.

அவங்க கேட்டபடி புடிக்கலைன்னு சொல்லவே கூடாதுன்னுதான் முதல்ல நெனச்சேன். எனக்கு என்ன தலையெழுத்தா? அவங்க சண்டை, அவங்க போட்டுக்கட்டும். 'எனக்குப் பொண்ணைப் புடிச்சிருக்கு'ன்னு சொல்லிட்டா, அந்த வீட்டுல இருக்குற அத்தனை பேரும் என் பக்கம் நிப்பாங்க. மாமா ஒருத்தரே போதும், அவரு கத்துற கத்துல பொண்ணு பணிஞ்சாலும் பணிஞ்சுடும். பணிஞ்சு இங்க வந்து உக்காந்து சாப்பிடும். நெனச்சுப் பார்த்தேன். எதுக்கால அவங்க உக்காந்து, தலையைக் குனிஞ்சுக்கிட்டு, பேசாம முழுங்குறதை நெனச்சுப் பார்த்தேன். இத்தனை பேரு வந்துட்டுப் போன வீடு, நான் ஆக்குனதைச் சாப்பாடுன்னு மதிச்சது அவங்க ஒருத்தங்கதான். அவங்களைப் போயி அப்படி உக்கார வைக்கிறதா?

பொழுது சாயுறதுக்கு முன்னாடி ரெங்கசாமி அண்ணன் போன் வந்துடுச்சு. குரல்ல மேளச் சத்தம்.

"பரணி! வைரக்கண்ணு கார்லேருந்தே போன் பண்ணிட்டாருய்யா! ரெண்டு தட்டு சாப்பிட்டாராமே? கையை நனைச்சுட்டேன்னு அவரு வாயாலயே சொல்லிட்டாரு. இனிமே என்ன பேச்சு? உங்கம்மா இருந்து பார்க்கலையேன்னுதான் எனக்கு. சொல்லு, பங்குனியில வச்சுக்கலாமா, இல்ல வைகாசியா?"

"அண்ணே, எனக்கு வேணாங்க."

"என்னது?"

"இந்தப் பொண்ணு வேணாங்க."

 "குடிச்சிருக்கியா?"ன்னாரு.

"இல்லைங்க."

"அப்ப என்னய்யா கொறை அந்தப் பொண்ணுகிட்ட?"

"ஒரு கொறையும் இல்லைங்க. தங்கமான பொண்ணு. என்கிட்டதான் கோளாறு, அப்படியே சொல்லிடுங்க."

"என்ன எழவுக் கோளாறு? உனக்காக நான் ஏறாத படி இல்ல, அது தெரியுமா உனக்கு? கெடைச்ச ஒரு எடத்தையும் வேணாம்னு சொல்ற அளவுக்கு என்ன திமிரு? காரணத்தைச் சொல்லு. நான் அவங்க மொகத்துல முழிக்க வேணாமா?"

காரணம் ஒண்ணும் நான் யோசிச்சு வைக்கல. பொய் சொல்லிப் பழக்கமும் இல்ல. மதியம் காதுல விழுந்ததுதான் வாயில வந்துச்சு.

"எனக்குத் தனியா இருக்கத்தாங்க புடிச்சிருக்கு."

ரெங்கசாமி அண்ணனோட கோவமெல்லாம் எறங்கிப் போச்சு. "அப்படியாப்பா?"ன்னாரு. "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? நீ ஒத்தையில கெடந்து தவிக்கிறேன்னு நெனச்சுக்கிட்டு நான் ஊரு ஊரா அலைஞ்சேனே. சரி விடு. இனிமே உன்னையத் தொந்தரவு பண்ணல, உன் இஷ்டப்படி நிம்மதியா இரு"ன்னு சொல்லிட்டு போனை வச்சாரு.

நம்பிட்டாரு.